கடைசி நேரத்தில் மச்சு பிச்சு டிக்கெட்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆகஸ்ட் முதல் வாரம். பெருவின் குஸ்கோ நகரில் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் வந்து இறங்கியிருக்கிறது: கணவன், மனைவி, 15 வயது மகள், 66 வயது பாட்டி. கையில் ஐந்து நாள் இருக்கிறது. மலைமேல் இடிபாடாக நிற்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்கு டிக்கெட் இல்லை. இணையதளத்தைத் திறந்தால், உள்ளே நடக்கும் வழிகளில் எல்லோரும் கேட்கிற இரண்டாம் சுற்றுப்பாதை அவர்கள் இருக்கப்போகும் எல்லா நாட்களுக்கும் தீர்ந்துவிட்டது. இந்தக் குடும்பத்தை ஆய்வுக்காக நாமே அமைத்துக்கொண்டோம். நிலைமை மட்டும் கற்பனை இல்லை. ஜூன் முதல் அக்டோபர் வரை குஸ்கோ விடுதிகளில் தினமும் யாராவது இதே திரையைப் பார்த்து முழிக்கிறார்கள்.

இவர்களுக்கு வழி இருக்கிறது. அந்த வழியின் விலையைச் சோல் நாணயத்தில் மட்டும் கணக்கிட முடியாது. இரவுகளிலும் கணக்கிட வேண்டும். மலையடிவாரத்து ஊரில் இரண்டு இரவு தங்கத் தயாராக இருப்பவர்களுக்கும், எந்தச் சுற்றுப்பாதை கிடைத்தாலும் ஏற்பவர்களுக்கும் கடைசி நேர டிக்கெட் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரே நாளில் போய்வர வேண்டும், இந்தப் பாதைதான் வேண்டும், இந்த ரயிலில்தான் திரும்ப வேண்டும் என்று மூன்றையும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த வழியில்

மச்சு பிச்சுவுக்குள் ஒரு நாளில் அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. 2024 முதல் அது வழக்கமான நாட்களில் 4,500. ஆண்டின் நடுவில் வரும் நெரிசல் மாதங்களையும் வேறு சில தேதிகளையும் சேர்த்து, குறிப்பிட்ட நாட்களில் 5,600 வரை உயர்த்துகிறார்கள். இதில் பெரும்பங்கு பெரு பண்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் விற்கப்படுகிறது. 1,000 டிக்கெட் மட்டும் மலையடிவாரத்து ஊரில், நேரில் வருபவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊருக்கு மச்சு பிச்சு பூவெப்லோ என்று ஒரு பெயர், அகுவாஸ் கலியெந்தெஸ் என்று இன்னொரு பெயர். ரயில் டிக்கெட்டில் ஒன்றும் விடுதி முன்பதிவில் இன்னொன்றும் இருந்தால் பதற வேண்டாம், ஊர் ஒன்றுதான்.

ஆக, இணையத்தில் 'இல்லை' என்று வருவது முழு உண்மை அல்ல. அந்த 1,000 இணையத்தின் கணக்கில் வராது. அதே சமயம், அந்த 1,000-ஐ குஸ்கோவில் இருந்துகொண்டு வாங்க முடியாது, முந்தைய வாரமே வாங்கி வைக்கவும் முடியாது. ஊருக்குப் போய், வரிசையில் நின்று, பெரும்பாலும் மறுநாளைக்கான டிக்கெட்டைத்தான் வாங்க வேண்டும். டிக்கெட்டுக்காக ஊரில் ஓர் இரவாவது தங்குகிறவர் அங்கே சாப்பிடுவார், அறை எடுப்பார், கடைக்குப் போவார். இந்த நேரடி விற்பனை தொடர வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் அழுத்தமாகக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

2024 ஜூன் 1 முதல் உள்ளே நடக்கும் வழிகள் மூன்று சுற்றுப்பாதைகளாகவும் அவற்றுக்குள் பத்து வழித்தடங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வழித்தடம், ஒரு நுழைவு நேரம். உள்ளே போனபின் மாற்றிக்கொள்ள முடியாது. பாதைகள் ஒருவழி, திருப்பங்களில் காவலர்கள் நிற்கிறார்கள். எனவே எந்தத் தடத்தில் என்ன தெரியும் என்பதை வரிசையில் நிற்பதற்கு முன்பே மனதில் வாங்கிக்கொள்வது அவசியம்.

முதல் சுற்றுப்பாதை மேல் மாடிவயல்களின் வழியே போகிறது. எல்லோரும் அறிந்த அந்தப் படம், கீழே நகரமும் பின்னால் கூர்மலையுமாகத் தெரிவது, இங்கிருந்து நன்றாக வரும். ஆனால் 1-பி தடத்தில் போகிறவர் நகரத்தின் கட்டடங்களுக்குள் நடக்க மாட்டார். 1-ஏ என்பது மச்சு பிச்சு மலையேற்றம். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,430 மீட்டரில் இருக்கிறது, அந்த மலையுச்சி 3,082 மீட்டரில். 650 மீட்டர் செங்குத்தான கற்படிகள்.

இரண்டாம் சுற்றுப்பாதையில் மேலிருந்து பார்க்கும் காட்சியும் நகரத்துக்குள் நடையும் சேர்ந்தே கிடைக்கும். 2-ஏ, 2-பி இரண்டும் முதலில் தீர்ந்துபோவது இதனால்தான். மூன்றாம் சுற்றுப்பாதை கீழ்ப்பகுதியில் செல்கிறது. சூரியக் கோயில், நீர்த்தொட்டிகள், கோண்டோர் கோயில் ஆகியவை அங்கே இருக்கின்றன. மேலிருந்து எடுக்கும் அந்தப் படம் இந்தப் பாதையில் வராது, ஆனால் ஏற்றம் குறைவு. 3-ஏ என்பது படத்தில் பின்னால் தெரியும் அந்தக் கூர்மலையான, 2,693 மீட்டர் உயர வைனா பிச்சுவின் ஏற்றம். சில தடங்கள் நெரிசல் பருவத்தில் மட்டுமே திறக்கும்.

நம் குடும்பத்தின் பாட்டிக்கு, மூன்றாம் சுற்றுப்பாதையில் மலையேற்றம் இல்லாத 3-பி தான் உடம்புக்கு ஏற்றது. மகளுக்கு 2-ஏ வேண்டும். இந்த இரண்டு ஆசைகளில் எதை விடுவது என்ற பேச்சை குஸ்கோவிலேயே முடித்துவிட வேண்டும். கவுன்டர் முன்னால், பின்னால் நிற்பவர்கள் நெருக்க, அதைப் பேசித் தீர்க்க முடியாது.

இணையத்தைச் சரியாகப் பார்ப்பது

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அமைச்சகத்தின் 'து பொலேத்தோ' இணையதளத்தை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்தாக வேண்டும். பலர் இரண்டாம் சுற்றுப்பாதையை மட்டும் சொடுக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இருப்பு என்பது தடம்வாரியாக, மணிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரே நாளில் 2-ஏ காலை 6 முதல் மதியம் வரை தீர்ந்துபோய், 1-பி பிற்பகலில் பல இடங்களோடு இருக்கலாம். மலையேற்றத் தடமான 1-ஏ கடைசிவரை மிஞ்சி நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஏறக் கால் உள்ளவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. எனவே ஒவ்வொரு தேதிக்கும் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாகத் திறந்து, பிற்பகல் நேரங்கள் வரை கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

நால்வருக்கும் ஒரே நேரம் கிடைக்காவிட்டால் இரண்டிரண்டு பேராகப் பிரிவதும் வழிதான். பாட்டியும் கணவனும் 3-பி, மனைவியும் மகளும் 1-பி என்று அடுத்தடுத்த மணிநேரங்களில் கிடைத்தால், வரிசையில் ஒரு நாளைக் கழிப்பதைவிட அது மேல்.

விலையையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பெரியவருக்கு சாதாரணத் தடம் 152 சோல், மலையேற்றம் சேர்ந்த 1-ஏ, 3-ஏ தடங்கள் 200 சோல். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சாதாரணத் தடம் 70 சோல். நம் குடும்பத்துக்கு மூன்று பெரியவர்கள் 456, மகள் 70, ஆகமொத்தம் 526 சோல். கட்டணம் மாறக்கூடியது என்பதால், கிளம்பும் முன் அதே இணையதளத்தில் சரிபார்ப்பது நல்லது. மாணவர் சலுகை உண்டு, ஆனால் அதற்குப் படமும் செல்லுபடித் தேதியும் உள்ள பல்கலைக்கழக அடையாள அட்டை வேண்டும். பள்ளி மாணவியான மகளுக்கு வயதுச் சலுகைதான் பொருந்தும். அதற்கு அவளுடைய பாஸ்போர்ட்டே சான்று.

கவுன்டரில் நடப்பது என்ன

நேரடி விற்பனை இரண்டு கட்டமாக நடக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் ஒரு முழு நாளை இழக்கிறார்கள்.

முதல் கட்டம் டோக்கன். ஸ்பானிஷில் 'துர்னோ' என்பார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஓர் எண் தருவார்கள். இது டிக்கெட் அல்ல, டிக்கெட் வாங்குவதற்கான வரிசை எண். டோக்கன் வழங்குவது காலையிலேயே தொடங்கிவிடும். இரண்டாம் கட்டம் விற்பனை, வழக்கமாகப் பிற்பகல் 3 மணிவாக்கில் தொடங்குகிறது. எண்களைத் தொகுதி தொகுதியாகக் கூப்பிடுவார்கள். தன் தொகுதி வரும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். உள்ளே போனதும், அந்த நிமிடத்தில் மிச்சமிருக்கும் தடங்களும் நேரங்களும் திரையில் தெரியும். அதில் ஒன்றைத் தேர்ந்து, பணம் கட்டி, அச்சிட்ட டிக்கெட்டோடு வெளியே வரலாம்.

இந்த அமைப்பிலிருந்து மூன்று விஷயங்கள் பிறக்கின்றன. ஒன்று, காலையில் சீக்கிரம் போகிறவருக்கு டிக்கெட் மட்டுமல்ல, தேர்வும் கிடைக்கிறது. சிறிய எண் வைத்திருப்பவர்கள் 2-ஏ காலை நேரங்களை எடுத்துக்கொள்வார்கள். 700, 800-ஐத் தாண்டிய எண்ணுக்கு முதல் அல்லது மூன்றாம் சுற்றுப்பாதையோ பிற்பகல் நேரமோதான் மிஞ்சும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். இரண்டு, பிற்பகல் 4 மணிக்கு ஊரில் இறங்குபவருக்கு அன்றைய விற்பனை பெரும்பாலும் கைநழுவிவிட்டது. மூன்று, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அன்றைய எண்கள் தீர்ந்து, மறுநாள் விற்பனைக்கான எண்தான் கிடைக்கும் நிலையும் வரும். அப்படியானால் நுழைவு அதற்கும் அடுத்த நாள். இரண்டு இரவு என்று முதலில் சொன்னது இதனால்தான்.

கவுன்டர் எங்கே என்பதைத் துல்லியமாக எழுதி வைத்துக்கொண்டு அதையே நம்ப வேண்டாம். ஊர் நடுவில், பண்பாட்டு மையத்தை ஒட்டித்தான் இந்த விற்பனை நடந்துவருகிறது, ஆனால் டோக்கன் தரும் இடமும் நேரமும் நெரிசலைப் பொறுத்து மாற்றப்படுவதுண்டு. ரயிலில் இருந்து இறங்கியதும் முதல் வேலையாக நிலைய வாசலிலோ விடுதிக்காரரிடமோ "துர்னோ எங்கே தருகிறார்கள்" என்று கேட்பது போதும். ஊர் சிறியது, எல்லா இடமும் நடக்கும் தூரம். பையை விடுதியில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. அதே ரயிலில் வந்த சில நூறு பேரில் பாதிப் பேர் நேராக வரிசைக்குப் போயிருப்பார்கள். பையோடு ஒருவர் விடுதிக்குப் போகலாம், மற்றவர்கள் வரிசைக்குப் போக வேண்டும்.

ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கிவிடலாமா? இதற்கு நம்பகமான வழி, நால்வரும் தத்தம் மூல பாஸ்போர்ட்டோடு டோக்கன் வாங்கும்போது நேரில் நிற்பது. நகல், கைப்பேசிப் படம் போன்றவற்றை நம்பிப் போகக் கூடாது. பாட்டியை நீண்ட நேரம் நிற்க வைக்க முடியாது என்றால், டோக்கன் வாங்கும் வேளைக்கும் தொகுதி கூப்பிடும் வேளைக்கும் மட்டும் அவரை அழைத்து வந்தால் போதும். இடைப்பட்ட மணிநேரங்களில் அறையில் ஓய்வெடுக்கலாம். டோக்கன் முறையின் பெரிய வசதியே இதுதான். நாள் முழுக்கத் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

பணத்தைச் சோல் ரொக்கமாகக் கொண்டுபோவது நல்லது. ஊரில் ஏடிஎம் உண்டு, ஆனால் நெரிசல் நாளில் பணம் தீர்ந்த ஏடிஎம் முன்னால் நிற்கும்போது எண் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? குஸ்கோவிலேயே டிக்கெட்டுக்கான 526 சோலையும் கூடவே கொஞ்சமும் எடுத்துவிட வேண்டும்.

கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன், நின்ற இடத்திலேயே ஐந்து விஷயங்களைப் படிக்க வேண்டும்: பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, நுழைவு மணி, தடம். டிக்கெட் பெயருக்கு உரியது, வேறொருவருக்கு மாற்ற முடியாது, தேதியையும் நேரத்தையும் நினைத்தபடி மாற்ற முடியாது. எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் வாசலில் வாதாட வேண்டியிருக்கும். நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பல இந்தியப் பாஸ்போர்ட்களில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். ஸ்பானிஷ் படிவங்கள் பெயரையும் குடும்பப்பெயரையும் தனித்தனியாகக் கேட்கும். ரயில் டிக்கெட்டில் எந்த முறையில் எழுதினோமோ அதே முறையை நுழைவு டிக்கெட்டிலும் வைத்துக்கொண்டால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது.

ரயில்தான் உண்மையான முடிச்சு

மச்சு பிச்சு பூவெப்லோவுக்குச் சாலை இல்லை. ரயிலில் வரலாம், அல்லது நடந்து வரலாம். டிக்கெட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் ரயிலை இரண்டாம் வேலையாக வைத்துவிடுகிறார்கள். நெரிசல் மாதங்களில் ரயில் இருக்கைகளும் தீர்ந்துபோகும் என்பது அப்புறம்தான் தெரிகிறது.

வழக்கமான வழி இது. குஸ்கோவிலிருந்து வேனில் ஒயந்தாய்தம்போவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம். அங்கிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணிநேரம். இந்தத் தடத்தில் பெருரயில், இன்காரயில் என இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒன்றில் இடம் இல்லாவிட்டால் மற்றதையும் பார்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கென்று மலிவான ரயில் ஒன்று ஓடுகிறது. அதில் வெளிநாட்டவர் ஏற முடியாது, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. ரயில் டிக்கெட்டும் பாஸ்போர்ட் எண்ணோடுதான் வரும். பெரிய பெட்டிகளை ஏற்ற விடமாட்டார்கள். அவற்றைக் குஸ்கோ விடுதியில் வைத்துவிட்டு இரண்டு நாளைக்கான சிறு பையோடு கிளம்ப வேண்டும்.

இன்னொரு வழி மலிவானது. குஸ்கோவிலிருந்து வேனில் சாந்தா மரியா, சாந்தா தெரேசா வழியாக இத்ரோஎலெக்த்ரிகா வரை ஆறேழு மணிநேரம், பிறகு தண்டவாளத்தை ஒட்டிச் சுமார் 10 கிலோமீட்டர் நடை. இளைஞர்கள் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசி நேர டிக்கெட்டைப் பொறுத்தவரை இதில் ஒரு பொறி இருக்கிறது. அதிகாலை குஸ்கோவில் கிளம்பினாலும் ஊர் வந்து சேரப் பிற்பகலோ மாலையோ ஆகிவிடும். டோக்கன் காலையில் தருவது. ஆக, அன்றைய விற்பனை போயிற்று, ரயிலில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி கூடுதல் இரவுக்குப் போகும். பாட்டியோடு வரும் நம் குடும்பத்துக்கு இந்த வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

திரும்பும் ரயிலை எப்போதைக்கு வாங்குவது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் உடைகின்றன. ஊரில் இறங்கும் நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் மதிய ரயிலை முன்கூட்டியே வாங்கிவிட்டவருக்கு, கவுன்டரில் இரண்டாம் நாள் பிற்பகல் 2 மணி நுழைவு மட்டும் கிடைத்தால், அந்த டிக்கெட்டால் பயன் இல்லை. நுழைவு மணிக்கும் ரயிலுக்கும் இடையே எவ்வளவு வேண்டும் என்று ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். நுழைவு 12 மணி என்றால் உள்ளே இரண்டரை முதல் மூன்று மணிநேரம், வெளியே வர 3 மணி. கீழே இறங்கும் பேருந்து வரிசைக்கு ஒரு மணிநேரம் வரை ஒதுக்கினால் 4 மணி. பேருந்துப் பயணம் அரை மணி. விடுதியில் பை எடுத்து நிலையம் போக இன்னொரு அரை மணி. நிலையத்தில் அரை மணி முன்னதாக இருக்க வேண்டும். ஆக 5.30-க்கு முந்தைய ரயில் ஆபத்து. நுழைவு மணியோடு ஐந்தரை மணிநேரத்தைக் கூட்டி, அதற்குப் பிந்தைய ரயில் என்று மனதில் வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

டிக்கெட் கையில் இல்லாதவர் எந்த ரயிலை வாங்குவது? மூன்றாம் நாள் மாலை ரயில். டோக்கன் முதல் நாளே கிடைத்து இரண்டாம் நாள் எந்த மணிக்கு நுழைந்தாலும் அது பொருந்தும். டோக்கன் ஒரு நாள் தள்ளிப்போய் மூன்றாம் நாள் காலை நுழைவு கிடைத்தாலும் பொருந்தும். வேலை இரண்டாம் நாளே முடிந்துவிட்டால், ஒரு நாள் ஊரில் ஓய்வு, அல்லது கட்டணம் கட்டி ரயிலை முன்னால் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற அனுமதிக்கும் வகை டிக்கெட்டா என்பதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

நம் குடும்பத்தின் நாட்கள்

குஸ்கோவில் முதல் மாலை: இணையதளத்தைத் தடம்வாரியாகப் பார்க்கிறார்கள், எதுவும் பொருந்தவில்லை. போகும் ரயில் மறுநாள் அதிகாலைக்கு, திரும்பும் ரயில் மூன்றாம் நாள் மாலைக்கு. அகுவாஸ் கலியெந்தெஸில் இரண்டு இரவுக்கு, ரத்து செய்யக்கூடிய அறை. ரொக்கம் எடுத்தாயிற்று. பெரிய பெட்டிகள் குஸ்கோவில்.

இதில் பாட்டிக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், வந்த முதல் நாட்களில் தலைவலியும் மூச்சிரைப்பும் பலருக்கு வரும். அகுவாஸ் கலியெந்தெஸ் சுமார் 2,040 மீட்டர்தான். டிக்கெட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களைக் கீழே கழிப்பது உடம்புக்கு நல்லது. குஸ்கோவில் உட்கார்ந்து இணையப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதைவிட எந்த வகையிலும் இது மேல்.

முதல் நாள்: காலை 9 மணிவாக்கில் ஊரில் இறங்குகிறார்கள். மூவர் நேராக டோக்கன் வரிசைக்கு, கணவர் பைகளை விடுதியில் போட்டுவிட்டு ஓடிவந்து சேர்கிறார். எண் 600-களில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் 3 மணிக்குத் திரும்பி வந்து, எந்தத் தொகுதி ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். மாலையில் உள்ளே போகும்போது 2-ஏ இல்லை. 3-பி காலை 10 மணி இருக்கிறது, 1-பி பிற்பகல் இருக்கிறது. முன்பே பேசி வைத்தபடி நால்வருக்கும் 3-பி. மகள் கேட்ட படம் இந்தப் பாதையில் வராது. அவளுக்கு 1-பி பிற்பகல் டிக்கெட் ஒன்றைத் தனியாக வாங்கினால் கூடவே ஒரு பெரியவருக்கும் வாங்க வேண்டும், இன்னொரு 222 சோல். வாங்குவதா வேண்டாமா என்பது குடும்பத்தின் விருப்பம், ஆனால் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் முடிவெடுக்க அரை நிமிடம் போதும்.

டிக்கெட் கைக்கு வந்த அன்று மாலையே பேருந்து டிக்கெட்டையும் வாங்கிவிட வேண்டும். ஊரிலிருந்து வாசலுக்குச் சுமார் 25 நிமிடம். வெளிநாட்டுப் பெரியவருக்குப் போக 12 டாலர், போக வர 24 டாலர். அதற்கும் பாஸ்போர்ட் வேண்டும். முதல் பேருந்து காலை 5.30-க்கு, 6 மணி நுழைவுக்காரர்கள் விடியும் முன்பே வரிசை கட்டிவிடுவார்கள். 10 மணி நுழைவுக்கு 8.30 வாக்கில் நிறுத்தத்தில் இருந்தால் போதும். நடந்து ஏற விரும்புகிறவர்களுக்குப் படிப்பாதை இருக்கிறது, ஒன்றரை மணிநேரம் ஆகும். ஊருக்கு வெளியே பாலத்தருகே டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்த்துத்தான் ஏற விடுகிறார்கள். மேலே வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏறத் தொடங்குகிறவர்கள் அங்கேயே நிறுத்தப்படுவார்கள். மேலே விற்பனை கிடையாது.

இரண்டாம் நாள் உள்ளே போவதற்கு முன் கழிப்பறை போய்விட வேண்டும். அது வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது, உள்ளே போய் வெளியே வந்தவரை மீண்டும் விடமாட்டார்கள். பையின் அளவு 40, 35, 20 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முக்காலி, செல்ஃபி குச்சி, டிரோன் கூடாது. நடக்க முடியாதவர்களும் மூத்தவர்களும் ஊன்றுகோல் கொண்டுபோகலாம், முனையில் ரப்பர் மூடி இருக்க வேண்டும். பாட்டிக்கு அதைக் குஸ்கோவிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

ஏஜென்சியின் வார்த்தை

குஸ்கோவின் நடுச்சதுக்கமான பிளாசா தே ஆர்மாஸைச் சுற்றி "டிக்கெட் உறுதி" என்று சொல்லும் ஏஜென்சிகள் ஏராளம். நேர்மையான ஏஜென்சிகளும் உண்டு. ரயில், வேன், விடுதி மூன்றையும் ஒன்றாகக் கோத்துத் தருவதில் அவர்கள் உண்மையாகவே உதவுகிறார்கள். ஆனால் நுழைவு டிக்கெட்டுக்கு அவர்களிடம் தனிக் கதவு எதுவும் இல்லை. அவர்களும் அதே அமைச்சக இணையதளத்தில்தான் வாங்குகிறார்கள். பாஸ்போர்ட் எண்ணும் பெயரும் கேட்காமல் 'நாளைக்கு டிக்கெட் இருக்கிறது' என்று சொல்கிறவரிடம் உங்கள் பெயரில் டிக்கெட் இருக்கவே முடியாது.

இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் சுற்றுலா என்று விற்றுவிட்டு, 'டிக்கெட்டை அங்கே எங்கள் ஆள் பார்த்துக்கொள்வார்' என்பார்கள். அதன் பொருள், நீங்களே அந்த டோக்கன் வரிசையில் நிற்கப் போகிறீர்கள் என்பது. அது மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு உறுதியான டிக்கெட்டின் விலை கொடுக்கக் கூடாது. பணம் கொடுக்கும் முன் ஒரே கேள்வி போதும்: என் பெயர், தேதி, மணி, தடம் அச்சான டிக்கெட்டை இப்போது காட்ட முடியுமா?

மச்சு பிச்சு வரை போகும் நான்கு நாள் இன்கா நடைபாதையைக் கடைசி நேர வழியாகச் சிலர் சொல்வார்கள். அந்தப் பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேர், அதில் சுமைதூக்குவோரும் வழிகாட்டிகளும் அடக்கம். உலர்பருவத்து இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பாதையே மூடப்படும். கடைசி நேரத்துக்கு அது உதவாது.

எதுவும் கைகூடாதபோது

இந்தப் பயணத்தில் பயணியின் கையில் இல்லாத தடைகளும் உண்டு. 2023 ஜனவரியில் நாடு முழுவதும் நடந்த போராட்டங்களால் மச்சு பிச்சு சில வாரங்கள் மூடப்பட்டது. 2024 ஜனவரி இறுதியில், டிக்கெட் விற்பனையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்ததை எதிர்த்து ஊர் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ரயில்கள் நின்றன. 2025 செப்டம்பரில் வாசலுக்குப் போகும் பேருந்துச் சேவை உரிமம் பற்றிய தகராறில் தண்டவாளம் மறிக்கப்பட்டு, சுற்றுலாப் பயணிகளை வெளியேற்ற வேண்டிவந்தது. மழைக்காலத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை, மண்சரிவால் ரயில் தாமதமாவதும் உண்டு. இதனால்தான், திரும்பும் ரயிலுக்கும் லிமாவுக்குப் போகும் விமானத்துக்கும் இடையே குஸ்கோவில் ஓர் இரவாவது விட்டுவைக்கச் சொல்கிறோம். ஐந்து நாளில் இரண்டு இரவு கீழே, கடைசி இரவு குஸ்கோவில் என்றால் நம் குடும்பத்துக்கு அது சரியாக அடங்குகிறது.

முதல் நாள் டோக்கன் கிடைக்காமல், இரண்டாம் நாள் விற்பனையிலும் மூன்றாம் நாளுக்குரிய பிற்பகல் நுழைவு மட்டும் கிடைத்தால், மாலை ரயிலின் மணியை ஐந்தரை மணிநேரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த மாலையே ரயில் நிலையக் கவுன்டருக்குப் போய், அதற்குப் பிந்தைய இரவு ரயிலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். மறுநாள் போய்க் கேட்டால் அந்த ரயிலும் நிரம்பியிருக்கும்.

டிக்கெட்டே கிடைக்காமல் திரும்ப வேண்டிவந்தால், ரயில் எப்படியும் ஒயந்தாய்தம்போவில்தான் நிற்கும். அங்கேயே இறங்கி அந்த ஊரின் இன்காக் கோட்டையைப் பார்க்கலாம். 130 சோல் விலையுள்ள குஸ்கோ சுற்றுலா டிக்கெட் பத்து நாள் செல்லும். ஒயந்தாய்தம்போ, பிசாக், சாக்சாய்வமான் உள்ளிட்ட பல இடங்கள் அதில் அடங்கும். நுழைவு நேரம் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை, டோக்கன் இல்லை. மாடிவயல்களையும் கல் பொருத்தும் வேலையையும் அருகில் நின்று பார்க்க நினைப்பவர்களுக்கு, ஒயந்தாய்தம்போவின் சூரியக் கோயில் சுவரில் நிற்கும் ஆறு பெரும் கற்பலகைகள் மச்சு பிச்சுவில் காணும் எதற்கும் குறைந்தவை அல்ல. பாட்டிக்கு மட்டும் அந்தப் படிகள் செங்குத்தானவை என்பதால், கீழே நீரூற்றுகள் உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும்.